யார் பார்க்க ஓடுகிறோம்?

(வானொலியில் ஒலிபரப்பான மறையுரை)



மணலி புதுநகரில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஒரு தனி முகம் உண்டு. கன்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்துக்கொள்வதற்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கும். இரவு ஷிப்டு முடித்தவர்கள் கம்பெனி பஸ்ஸிலிருந்து தூக்கக் கண்களோடு இறங்குவார்கள். பால் பாக்கெட் வண்டி வரும். திருப்பலிக்கு முக்காடு போட்ட பாட்டிமார்கள் நடந்து வருவார்கள். சில மாதங்களுக்கு முன்பு, அந்த வரிசையில் ஒரு புதிய உருவத்தைப் பார்த்தேன். சுடிதார், கான்வாஸ் ஷூ, காதோரம் நரைத்த முடி. நம் பங்கைச் சேர்ந்த ஒரு சகோதரி. வேகமாக நடந்துகொண்டிருந்தார்.

அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். வயது 43. திருவொற்றியூர் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிற வேலை. நாள் முழுவதும் நாற்காலிதான். ஒரு நாள் தலைசுற்றி உட்கார்ந்தபோது பரிசோதித்துப் பார்த்தார்கள், சர்க்கரை முந்நூறைத் தாண்டியிருந்தது. "மாத்திரை பாதி வேலை செய்யும், மீதிப் பாதியை உங்க கால்தான் செய்யணும்" என்று டாக்டர் சொன்னாராம். நடக்க ஆரம்பித்தார். நடை மெல்ல ஓட்டமானது. நான்காம் மாதம் ஒரு நாள், நிற்காமல் மூன்று கிலோமீட்டர் ஓடிவிட்டார்.

பள்ளிக்கூடத்தில்கூட ஓடாத கால்கள் அவை. அந்த மகிழ்ச்சியை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. சேறு படிந்த தன் ஷூவைப் படமெடுத்து, "இன்று 3 கிலோமீட்டர். நிற்காமல்" என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார்.

மறுநாள் மதியம் அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம். "நம்ம மேடம் பி.டி. உஷா ஆயிட்டாங்க" என்றார் ஒருவர். "வீட்டுல வேலை குறைச்சல் போல" என்றார் இன்னொருவர். மூன்றாவது ஆள் ஒன்றும் சொல்லவில்லை. அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு லேசாகச் சிரித்தார். "அந்தச் சிரிப்புதான் ஃபாதர், வீடு வரைக்கும் என்கூடவே வந்துச்சு" என்றார் அந்தச் சகோதரி.

அன்றிரவு அலுவலகத்தார் யாருக்கும் தெரியாதபடி ஸ்டேட்டஸை மாற்றி வைத்தார். அடுத்த வாரம் படம் போடுவதையே விட்டார். அதற்கடுத்த வாரம், தெரிந்தவர்கள் கண்ணில் படாத தெருவாகப் பார்த்து ஓடினார். பிறகு ஓட்டமே நின்றுபோனது. ஷூ கட்டிலுக்கு அடியில் போனது. அன்பானவர்களே, கவனியுங்கள்: கேலி செய்தவர்கள் கேலி செய்தது ஒரு படத்தை. ஆனால் ஏறியது இவருடைய சர்க்கரை.

மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். "ஃபாதர், நான் விளம்பரம் தேடுறேனா? இது தற்பெருமையா? அவங்க சிரிச்சதுல நியாயம் இருக்கோ?"

எளிதில் பதில் சொல்லிவிட முடியாத கேள்வி இது. ஏனெனில் மலைப்பொழிவிலேயே இதற்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில், விளக்கை மரக்காலுக்குள் மூடிவைக்காதீர்கள், உங்கள் ஒளி மனிதர் முன் ஒளிரட்டும் என்கிறார் ஆண்டவர். அடுத்த அதிகாரத்திலேயே, மனிதர் பார்க்க வேண்டுமென்று அறச்செயல் செய்யாதீர்கள், வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்கிறார். காட்டு என்கிறவரும் அவரே, மறை என்கிறவரும் அவரே. அப்படியானால் எதைக் காட்டுவது, எதை மறைப்பது?

இதற்கு விடையாக ஓர் இளைஞரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். கடந்த 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 7ஆம் நாள், திருத்தந்தை பதினான்காம் லியோ இருவரைப் புனிதர்களாக உயர்த்தினார். ஒருவர் நம் பிள்ளைகள் நன்கு அறிந்த கார்லோ அகுதிஸ். மற்றவர் பியெர் ஜார்ஜோ ஃபிரசாத்தி. 1901இல் இத்தாலியின் தூரின் நகரில் பிறந்தவர். தந்தை ஒரு பெரிய நாளிதழின் உரிமையாளர்; ஜெர்மனியில் இத்தாலியின் தூதராகவும் இருந்தவர். மகனுக்கோ மலையேறுவதில்தான் உயிர். நண்பர்களைக் கூட்டிக்கொண்டு ஆல்ப்ஸ் மலைகளில் ஏறுவார். பனிச்சறுக்கு விளையாடுவார். படங்கள் எடுத்துக்கொள்வார். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன: பாறையைப் பிடித்துத் தொங்கும் படம், வாயில் பைப்போடு சிரிக்கும் படம். 1925 ஜூன் மாதம், தன் கடைசி மலையேற்றத்தில் எடுத்த படத்தின் மேல், 'உச்சியை நோக்கி' என்று பொருள்படும் இரண்டு இத்தாலியச் சொற்களைத் தன் கையாலேயே எழுதினார். அந்தக் காலத்து ஸ்டேட்டஸ் என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

இதே இளைஞர் தம் பதினேழாம் வயதிலிருந்து வின்சென்ட் தே பவுல் சபையில் இருந்தார். நம் பங்கிலும் இருக்கிற அதே சபைதான். ஏழைகளின் வீடுகளுக்குப் போவார், மருந்து வாங்கிக் கொடுப்பார். கையிலிருந்த பயணக் காசை யாருக்காவது கொடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு வீடு சேர ஓடியே வருவார். இதையெல்லாம் அவர் வீட்டில் சொல்லவே இல்லை. 1925 ஜூலை 4ஆம் நாள், இளம்பிள்ளை வாதத்தால் 24 வயதில் இறந்தார். அடக்கத்துக்குத் தூரின் நகரத்து ஏழைகள் திரண்டு வந்தபோதுதான், தங்கள் மகன் யார் என்று பெற்றோருக்கே தெரிந்தது.

இப்போது விடை புரிகிறதா? மலையேறிய படத்தை அவர் காட்டினார். கொடுத்த காசை மறைத்தார். உடலில் இறைவன் வைத்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொண்டார். பிறருக்குச் செய்த தர்மத்தை மூடிவைத்தார். நாமோ பல நேரம் தலைகீழாகச் செய்கிறோம். அன்னதானம் கொடுக்கும்போது, வாங்குகிற ஏழையின் முகத்தோடு சேர்த்துப் படமெடுத்து நாலு குரூப்பில் அனுப்புகிறோம். அதற்கு நமக்குக் கூச்சமில்லை. ஆனால் ஒரு பெண் தன் உழைப்பில் ஓடிய மூன்று கிலோமீட்டரைச் சொன்னால், "விளம்பரம்" என்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. காவல்துறைத் தலைமை இயக்குநராக இருந்து 2023இல் ஓய்வுபெற்ற சைலேந்திர பாபு அவர்கள் சைக்கிள் ஓட்டுவதையும் உடற்பயிற்சி செய்வதையும் சமூக ஊடகங்களில் பகிர்ந்துவருகிறவர். சென்னை மேயராகவும் அமைச்சராகவும் பணியாற்றிய மா. சுப்பிரமணியன் அவர்கள் மாரத்தான் ஓடுகிறவர். 'ஓடலாம் வாங்க' என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார். அவர்களைப் பார்த்து நாம் "என்ன ஒரு முன்மாதிரி" என்று பாராட்டுகிறோம், அது சரியே. ஆனால் அதே ஓட்டத்தை நம் பக்கத்து மேசைக்காரர் ஓடினால் சிரிக்கிறோம். பதவி இருந்தால் முன்மாதிரி, இல்லாவிட்டால் தற்பெருமையா? கால் வலி இருவருக்கும் ஒன்றுதானே!

சாமுவேல் இரண்டாம் நூல், ஆறாம் அதிகாரத்தை இன்று வீட்டில் எடுத்து வாசியுங்கள். உடன்படிக்கைப் பேழை தாவீதின் நகருக்குள் வருகிறது. அரசர் தாவீது, நார்ப்பட்டு ஏபோது அணிந்து, ஆண்டவர் முன்னிலையில் தம் முழு வலிமையோடு ஆடுகிறார். சவுலின் மகள் மீக்கால் பலகணி வழியாகப் பார்க்கிறாள். தன் உள்ளத்தில் அவரை இகழ்கிறாள். ஊரே தெருவில் இருக்கிறது. மீக்கால் மட்டும் சன்னலில் இருக்கிறாள். தாவீது மக்களுக்கெல்லாம் அப்பம் பகிர்ந்துவிட்டு, தம் வீட்டாருக்கு ஆசி வழங்க வருகிறார். வாசலிலேயே அவள் குத்தலாகப் பேசுகிறாள். தாவீது என்ன செய்தார்? ஆட்டத்துக்காக வெட்கப்படவில்லை. நான் ஆடியது ஆண்டவர் முன்னிலையில், இன்னும் என்னைத் தாழ்த்திக்கொள்ளவும் தயார் என்கிறார்.

அன்பானவர்களே, இன்று நம் எல்லார் கையிலும் ஒரு மீக்காலின் சன்னல் இருக்கிறது. ஆறு அங்குலச் சன்னல். அதன் வழியே நாள் முழுவதும் அடுத்தவர் தெருவைப் பார்க்கிறோம். ஆடுகிறவரோடு சேர்ந்து ஆடவும் இல்லை, அப்பம் வாங்க இறங்கிப் போகவும் இல்லை. பார்த்து, உள்ளத்தில் இகழ்ந்துவிட்டு, அடுத்த படத்துக்குத் தள்ளிவிடுகிறோம்.

இகழ்ச்சியைத் தாண்டிப் போனவர்களின் கதை நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் காலத்தில், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வயல் வேலை செய்தவர்கள், கல் குவாரியில் உழைத்தவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். கேலியும் ஆபாசப் பேச்சும் கேட்கத்தான் செய்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்பக்கக் கம்பியில் பிள்ளையை உட்காரவைக்க வசதி என்றார்கள்! 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் வந்தார்கள். ஒரு பெண் தனியாக ஓட்டினால் ஊர் சிரிக்கும். ஆயிரம் பேர் ஓட்டினால் ஊர் வழிவிடும். ஆனால் ஆயிரத்துக்கு முன்னால் யாரோ ஒருத்தி தனியாக ஓட்டித்தானே ஆக வேண்டும்?

எனவே அந்தச் சகோதரிக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உடல் தூய ஆவியாரின் ஆலயம் என்கிறார் பவுலடியார். ஆலயத்தைப் பெருக்குவது பெருமையடிப்பது ஆகாது. உடற்பயிற்சி ஓரளவே பயன் தரும் என்றும் அவர் திமொத்தேயுவுக்கு எழுதுகிறார். ஓரளவு என்றாலும் பயன் பயன்தான். பகிர்வதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாவது: இன்று போன் வேலை செய்யாவிட்டாலும் நான் ஓடுவேனா? 'ஆம்' என்றால் அது உங்கள் ஓட்டம். 'இல்லை' என்றால், பார்க்கிறவர்களின் எண்ணிக்கைதான் உங்களை ஓட்டுகிறது.

இரண்டாவது: இதைப் பார்க்கிற ஒருவர், 'நானும் முயன்று பார்க்கலாமே' என்று நினைப்பாரா, 'என்னால் முடியாதே' என்று கூசிப்போவாரா? முதல் நாள் பட்ட மூச்சுவாங்கலையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மூன்றாவது: யாருக்கும் இதனால் தீங்கு வருமா? குறிப்பாகச் சகோதரிகளே, எந்த நேரத்தில் எந்தத் தெருவில் ஓடுகிறீர்கள் என்பதை உலகுக்கு அறிவிக்க வேண்டாம். அது பயம் அல்ல, விவேகம்.

இந்த மூன்றுக்கும் மனச்சான்று சரி என்றால், மீதிச் சிரிப்பை ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள். யோவான் நற்செய்தி பன்னிரண்டாம் அதிகாரத்தில் சில தலைவர்களைப் பார்க்கிறோம். இயேசுவை உள்ளத்தில் நம்பினார்கள், ஆனால் வெளியே சொல்லவில்லை. கடவுள் தரும் பெருமையைவிட மனிதர் தரும் பெருமையை அவர்கள் விரும்பினார்கள். நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று ஒரு ஜோடி ஷூவை ஒளித்துவைக்கப் பழகுகிற மனம், நாளை அநியாயத்தைக் கண்டு பேச வேண்டிய இடத்திலும், சிலுவை அடையாளம் வரைய வேண்டிய இடத்திலும் ஒளித்துவைக்கப் பழகிவிடும். அதனால்தான் இது சின்ன விஷயம் இல்லை.

நானும் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் டாக்டர் நடக்கச் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. நான் இரவு ஒன்பது மணிக்கு மேல், ஆலய வளாகத்தில் விளக்கை அணைத்துவிட்டுத்தான் நடந்தேன். 'ஃபாதர் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு கையை வீசி நடக்கிறார்' என்று யாராவது சொல்வார்களோ என்ற பயம்! அந்தச் சகோதரிக்கு அறிவுரை சொன்ன மறுநாள்தான், காலை வெளிச்சத்தில் தெருவில் இறங்கினேன்.

அந்தச் சகோதரி? கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவை எடுத்துவிட்டார். எப்போதாவது ஒரு படம் வைக்கிறார். அலுவலகத்தில் இன்னும் சிரிக்கிறார்கள், கொஞ்சம் குறைவாக. போன மாதம், அன்று ஒன்றும் சொல்லாமல் சிரித்தாரே, அவர் தண்ணீர் கேன் அருகே நின்று, முகத்தைப் பார்க்காமல் மெதுவாகக் கேட்டாராம்: "மேடம், காலைல எத்தனை மணிக்கு எந்திரிக்கிறீங்க? எனக்கும் சுகர் இருக்குது." அவர் நடக்கிறாரோ இல்லையோ, இன்னும் தெரியாது. ஆனால் சன்னலை விட்டு வாசல் வரை வந்துவிட்டார்.

இந்த வாரம் நாம் இரண்டு காரியம் செய்வோம். பிறர் வாய்க்குப் பயந்து நிறுத்திவைத்த ஒரு நல்ல பழக்கத்தை மீண்டும் தொடங்குவோம். நம் வாயால் நின்றுபோன ஒருவரிடம் சென்று, "விட்டுடாதீங்க" என்று சொல்வோம்.

மன்றாடுவோம்: அன்புத் தந்தையே, எங்கள் உடலை உமது கொடையாகப் பேண எங்களுக்குக் கற்றுத்தாரும். புகழுக்கு ஏங்காமலும் இகழ்ச்சிக்கு அஞ்சாமலும் உம் முன்னிலையில் நடக்க வரம் தாரும். அடுத்தவர் மகிழ்ச்சியைக் கண்டு மகிழும் உள்ளத்தை எங்களுக்கு அருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.