கேட்கும் மொழி

தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழா என்றால் தமிழின் தொன்மையைப் பேசுவது வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டது வீட்டில் நாள் முழுக்கப் புழங்கும் ஒரு சொல்: ‘வேணும்’. ஹைதராபாத்தில் வளரும் நம் பிள்ளைகளிடம் தமிழ் நிற்பதும் நழுவுவதும் இந்தச் சொல்லைப் பொறுத்தது என்று கருதுகிறேன். ஒரு பிள்ளை தனக்கு வேண்டியதை எந்த மொழியில் கேட்டுப் பெறுகிறதோ, அந்த மொழியே அதற்குச் சொந்தமாகும்.

நம் பிள்ளைகள் வாயில் இன்று அதிகம் வருவது ‘வாண்ட்’ என்ற ஆங்கிலச் சொல். அதன் கதையே என் வாதத்துக்கு முதல் சான்று. அது ஆங்கிலத்தின் பூர்வீகச் சொல் அன்று. 9ஆம் நூற்றாண்டு முதல் இங்கிலாந்தில் குடியேறிய ஸ்காண்டிநேவியர்களின் மொழியிலிருந்து வந்தது. முதலில் அதற்கு ‘இல்லாமை’, ‘குறைவு’ என்றுதான் பொருள். 1941 ஜனவரியில் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் நான்கு சுதந்திரங்களைப் பற்றிப் பேசியபோது, அவற்றில் ஒன்றில் இதே சொல்லை வறுமை என்ற பழைய பொருளில்தான் கையாண்டார். ‘விரும்புதல்’ என்ற பொருள் பரவலானது 18ஆம் நூற்றாண்டு வாக்கில். இல்லாததைச் சொல்லிக் கேட்டுக் கேட்டு, இல்லாமையைக் குறித்த சொல் ஆசையைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. ஆசையைச் சொல்லும் அத்தனை நெருக்கமான இடத்துக்குக்கூட, பக்கத்தில் வந்து குடியிருந்தவர்களின் சொல் நுழைய முடிந்திருக்கிறது.

இரண்டாவது சான்று நம் தெருவிலேயே இருக்கிறது. வடக்கே ‘முஜே சாய் சாஹியே’ என்று கேட்பதை ஹைதராபாத்தில் உருது பேசுபவர் ‘மேரேகு சாய் ஹோனா’ என்கிறார். வேண்டாம் என்றால் ‘நக்கோ’. இதைக் கொச்சை இந்தி என்று நம்மவர்களில் சிலர் எண்ணுவது எனக்கு வருத்தம் தருகிறது. ‘நக்கோ’ மராத்தியிலிருந்து வந்தது. ‘ஹோனா’வுக்கு ‘ஆவது’ என்று பொருள்; தெலுங்கின் ‘காவாலி’யும் ‘ஆகு’ என்ற பொருளுள்ள வினையிலிருந்து பிறந்ததுதான். தெலுங்கில் ‘நாகு டீ காவாலி’ என்பதன் அச்சில் ‘ஹோனா’ வார்க்கப்பட்டது என்பது மொழியியலாளர் கருத்து. வெவ்வேறு குடும்பத்து மொழிகள் பக்கத்தில் வாழ்ந்தே ஒன்றுபோல் ஆகின்றன என்று மொழியியலாளர் எமெனோ 1956இல் எழுதிய கட்டுரைக்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. தக்கணத்துக்கு உருது கொண்டுவந்தவர்கள் தங்கள் சொற்களில் பெரும்பகுதியை விடவில்லை. ஆனால் கடையிலும் சந்தையிலும் தெலுங்கரிடமும் மராத்தியரிடமும் நாள்தோறும் கேட்டு வாங்கினார்கள். கேட்கும் சொல் மாறிப்போயிற்று. யாரிடம் கேட்கிறோமோ அவர் மொழி நம் வாய்க்குள் வருகிறது.

இதை நம் வீட்டுக்குள் கொண்டுவந்து பாருங்கள். ‘எனக்கு அந்த ப்ளூ கலர் ஸ்கூல் பேக்தான் வேணும்’ என்கிறது குழந்தை. பொருளின் பெயர் முழுவதும் ஆங்கிலம். ஆனால் ‘எனக்கு’ என்று தொடங்கி ‘வேணும்’ என்று முடிகிற கட்டு தமிழ். அதற்குத் தாயோ தகப்பனோ ‘விச் ஒன் டு யூ வாண்ட்?’ என்று திருப்பிக் கேட்டால் அடுத்த முறை குழந்தை எந்த மொழியில் கேட்கும்? பிள்ளைகள் தமிழை மறக்கிறார்கள் என்று குறைபடுகிறோம். பல வீடுகளில் மறதி பெரியவர்களின் கேள்வியில்தான் தொடங்குகிறது.

இதற்கு வரும் முதல் மறுப்பு: தெலுங்கிலும் இந்தியிலும் ‘எனக்கு’ என்றுதானே ஆசை தொடங்குகிறது, பழைய ஆங்கிலத்தில்கூட அப்படி இருந்ததே, இதில் தமிழுக்கு என்ன தனிப்பெருமை? பெருமை கேட்கவில்லை. அந்த ஒற்றுமை நமக்கு உதவுகிறது; தெலுங்கு பேசும் பிள்ளைக்கு இந்தக் கட்டு ஏற்கெனவே பழகியிருக்கிறது. இரண்டாவது மறுப்பு கனமானது. ‘வேணும், வேண்டாம்’ என்பதோடு நின்றால் தமிழ் சமையலறை மொழியாகச் சுருங்கிவிடாதா? நின்றால் சுருங்கும்தான். ஆனால் அந்தச் சொல் நிற்கிற சொல் அன்று. ‘போக வேண்டும்’ என்றால் கடமை. நம் ஊர் ஸ்கந்தகிரிக் கோயில் முருகனிடம் வைப்பது வேண்டுதல். அழைப்பிதழில் வர வேண்டுகிறோம். அரசுக்கு வேண்டுகோள் விடுக்கிறோம். நெருங்கியவர் வேண்டியவர், பகைத்தவர் வேண்டாதவர். ஆசை, தேவை, கடமை, பக்தி, உறவு என்று இத்தனை தூரம் ஒரே வேர் ஓடுகிறது. ‘எனக்கு வேணும்’ என்று தொடங்கிய பிள்ளையை ‘நாம் செய்ய வேண்டும்’ வரை அந்த வேரைப் பிடித்தே கூட்டிச் செல்லலாம்.

எழுத்து தெரியாமல் என்ன தமிழ் என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்து அவசியம் வேண்டும். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வாயில் இல்லாத மொழியின் 247 எழுத்தை முதல் நாளே முன்வைத்தால் பிள்ளைக்கு அது இன்னொரு பரீட்சைப் பாடம். சங்கத்தில் தமிழ் வகுப்பு நடத்தும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் மாதம் பலகையில் எழுத்து வேண்டாம். மேசையில் பென்சில், பலூன், கடலை மிட்டாய், கதைப்புத்தகம் என்று பரப்பி வையுங்கள். ‘என்ன வேணும்? எத்தனை வேணும்? யாருக்கு வேணும்?’ என்று கேளுங்கள். தமிழில் கேட்கிற பிள்ளைக்குக் கையில் கொடுங்கள். வகுப்பு முடிந்து அழைத்துப்போக வரும் பெற்றோரும் வண்டியில் ஏறியவுடன் அதே கேள்வியைத் தமிழிலேயே கேட்கட்டும்.