95 சதவீதத்தில் தவறிய குண்டு



இரவு பதினொன்றரை மணி. திரையில் உங்கள் படைவீரர் வேற்றுக்கிரக எதிரிக்கு மிக அருகில் நிற்கிறார். குண்டு படுவதற்கு 95 சதவீதம் வாய்ப்பு என்று திரை காட்டுகிறது. சுடுகிறார். தவறிவிடுகிறது. அடுத்து எதிரியின் முறை. நண்பரின் பெயரை ஆசையாகச் சூட்டி, பல வாரம் வளர்த்த அந்த வீரர் விழுகிறார். அந்த ஆட்டத்தில் செத்தவர் செத்தவர்தான், திரும்பி வரமாட்டார். கணினியை அணைத்துவிட்டுப் படுக்கப் போகிறீர்கள். தூக்கம் வருவதில்லை. ஆனாலும் மறுநாள் மாலை அதே நாற்காலியில் உட்காருகிறீர்கள்.

நான் சொல்வது எக்ஸ்காம் என்ற வீடியோ கேமை. பிரிட்டனைச் சேர்ந்த ஜூலியன் கோலப் தம் சகோதரரோடு சேர்ந்து உருவாக்க, 1994-இல் முதலில் வந்தது. 2012-இல் ஃபிராக்ஸிஸ் நிறுவனம் அதைப் புதிதாகச் செய்து வெளியிட்டது. தாயம் போல, சதுரங்கம் போல, ஒருவர் முறை முடிந்த பின்தான் அடுத்தவர் முறை. விரலின் வேகத்துக்கு இங்கே வேலையில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். தோல்வி கூடுதலாக வலிப்பதும் அதனால்தான். கை நழுவிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது.

95 சதவீதம் என்றால் இருபதில் ஒன்று தவறும். பத்து முறை சுட்டால், பத்தும் படுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 60 சதவீதம்தான். மனசுக்கு இந்தக் கணக்கு ஏறுவதில்லை. 95-ஐ அது ‘நிச்சயம்’ என்றே வாசிக்கிறது. சிவிலைசேஷன் ஆட்டங்களுக்குப் பெயர்பெற்ற சிட் மையர் 2010-இல் ஓர் உரையில் இதைப் பேசினார். மூன்றுக்கு ஒன்று என்ற பலத்தோடு போரில் இறங்கித் தோற்றவர்கள், ஆட்டத்தில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தார்களாம். ஒன்றுக்கு மூன்று என்ற நிலையில் ஜெயித்தபோது மட்டும் அது சரியாகப் பட்டதாம்.

அதனால் சில ஆட்டங்கள் எண்ணையே நம் மனசுக்குத் தக்கபடி வளைக்கின்றன. ஜப்பானின் ஃபயர் எம்ப்ளம் வரிசையில் 2002-இல் வந்த ஆட்டம், ஒரு எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை உருட்டிச் சராசரி எடுத்தது. திரையில் 90 என்று இருந்தால் உண்மையில் 98. 75 என்று இருந்தால் ஏறத்தாழ 88. ஆடுபவர்மேல் உள்ள கரிசனம்தான். ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடில்லை. 90 என்பது எவ்வளவு என்பதை உடம்பில் உறைக்கும்படி கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல இடம் ஏது? அங்கேயே எண் பொய் சொன்னால் எங்கே போய்க் கற்பது?

நான் நேசிப்பது 2018-இல் வந்த இன்டு தி பிரீச். சதுரங்கப் பலகை போல எட்டுக்கு எட்டுக் கட்டம். நம்மிடம் மூன்று ராட்சத இயந்திரங்கள். மண்ணைப் பிளந்து வரும் பெரும்பூச்சிகள் எந்தக் கட்டத்தை அடிக்கப்போகின்றன என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். நம் அடியும் தவறாது. ஆடுபுலி ஆட்டம் மாதிரி நிலைமை நம் கண்முன்னே இருக்கிறது. அப்படியும் தோற்கிறோம், அடிக்கடி தோற்கிறோம். இரண்டு கட்டடங்களில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்ற நிலை வரும். கால்மணி நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பூச்சியை ஒரே ஒரு கட்டம் தள்ளினால் அதன் அடி அடுத்த பூச்சிமேல் விழும், இரண்டு கட்டடமும் தப்பும் என்பது திடீரென்று தெரியும்போது, எழுந்து நின்றுவிடுவேன்.

எளிய நிலையில் ஆடுபவர்களைச் சிலர் இளக்காரமாகப் பேசுவதுண்டு. அது தவறு. ஃபயர் எம்ப்ளம் 2010-இலேயே, விழுந்த வீரர் அடுத்த போரில் திரும்பிவரும் வசதியைத் தந்தது. வேலை முடிந்து களைத்து வருபவர் அதை எடுத்துக்கொள்ளட்டும். ஏன் தோற்றோம் என்று அவருக்கும் தெரிய வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்பது.

போன மாதம் என் தங்கை மகன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் இன்டு தி பிரீச் ஆடுவதைப் பார்த்தேன். இரண்டு மணி நேர ஆட்டம், கடைசித் தீவில் தோற்றான். முகம் சிவந்துவிட்டது. நான் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவனே சொன்னான்: “மாமா, கடைசியில தோக்கல. மூணாவது முறையிலயே தோத்துட்டேன். அந்த மெஷினை மலைக்குப் பின்னாடி நிறுத்தியிருக்கக் கூடாது.”

அந்த ஆட்டத்தில் தோற்றாலும், இயந்திரங்களை ஓட்டுபவர்களில் பிழைத்த ஒரு பைலட்டை மட்டும் வேறொரு காலத்துக்கு அனுப்பலாம். அவர் கற்றது அவரோடு போகும். யாரை அனுப்புவது என்று என்னிடம் கேட்டான். நான் சொன்னதை விட்டுவிட்டு, வேறொருவரைத் தேர்ந்தெடுத்தான்.