கப்பலிடமும் கேள்: இன்சூரன்ஸ் எங்கே?

ஷிப்ட் முடிந்து நேராக முதலிபாளையம் வந்திருக்கும் பனியன் கம்பெனித் தோழர்களே!

காங்கயம் ரோட்டில் போலீஸ்காரர் உங்கள் டூவீலரை நிறுத்தினால் என்ன கேட்கிறார்? லைசென்ஸ், ஆர்.சி. புக், இன்சூரன்ஸ். கேட்கட்டும், நியாயம்தான். வண்டி மோதி அடிபட்டவருக்கு யாராவது பணம் தர வேண்டுமே! நம் கரையோரம் கச்சா எண்ணெயோடு போகும் அந்நிய டேங்கரிடம் இதையே கேட்டால் மட்டும் ஏன் சிலருக்குக் கசக்கிறது?

ஜனவரி 28-ஐத் திருப்பூர் மறக்காது. 2011-ல் அன்றுதான் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். நொய்யல் ஆற்றைக் கெடுத்ததற்கு விலை கொடுத்தோம். சரியாக ஆறு வருடம் கழித்து, 2017-ல் அதே ஜனவரி 28 விடியற்காலை, எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே 'டான் காஞ்சிபுரம்' டேங்கரும் 'பி.டபிள்யூ. மேப்பிள்' கேஸ் கப்பலும் மோதின. கரை கறுத்தது. பாறை இடுக்கில் நின்று தார் போன்ற கசடை வாளி வாளியாக அள்ளினார்கள். மீனவன் பிழைப்பு முடங்கியது. எண்ணெய் கசிந்த அந்த டேங்கருக்குக் காப்பீடு இருந்தது. இழப்பீடு கேட்க ஒரு கதவாவது இருந்தது.

கதவே இல்லையென்றால்? 2023 மே 1, மலேசியக் கடலில் 'பாப்லோ' டேங்கர் வெடித்தது. 1997-ல் கட்டியது, கபோன் நாட்டுக் கொடி. மூன்று மாலுமிகளைக் காணவில்லை. காப்பீடு தந்தவர் என்று முன்வர ஆளில்லை. சிதைந்த கப்பல் மாதக்கணக்கில் அங்கேயே கிடந்தது. நல்லவேளை, உள்ளே சரக்கு இல்லை.

இப்படிப்பட்ட கப்பல்களில்தான் மலிவாக எண்ணெய் வருகிறது, கேள்வி கேட்டு விரட்டாதீர்கள் என்கிறார்கள் சிலர். அந்த மலிவுக்கு எண்ணூர் மீனவன் ஏன் ஈடு கட்ட வேண்டும்?

2,000 டன்னுக்கு மேல் எண்ணெய் ஏற்றும் கப்பலுக்குக் காப்பீடு கட்டாயம் என்பது இந்தியாவும் ஏற்ற உடன்படிக்கை. துறைமுகத்துக்கு வரும் கப்பல் சான்றிதழைக் காட்டுகிறது. காட்டினால் போதுமா? வெளிநாட்டு பையர் எல்.சி. என்ற வங்கி உறுதிக் கடிதம் அனுப்பினால், பேங்க்கில் விசாரிக்காமல் நாம் கன்டெய்னர் ஏற்றுவோமா?

துறைமுகத்துக்கு வராமல் கடந்து போகும் டேங்கரிடமும் கேட்கலாம். பிரிட்டன், டென்மார்க், சுவீடன், போலந்து, ஃபின்லாந்து, எஸ்டோனியா ஆறும் சந்தேகத்துக்குரிய டேங்கர்களிடம் காப்பீட்டு ஆதாரம் கேட்கப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தன. நம் கப்பல் போக்குவரத்து இயக்குநரகமும் கடலோரக் காவல்படையும் கேட்கட்டும். சான்று தந்த கம்பெனியிடம் நேரடியாக விசாரிக்கட்டும். பதில் சொல்லாத கப்பலின் பெயரை ஊரறிய வெளியிடட்டும்.

கெடுத்தவன்தான் காசு தர வேண்டும் என்ற நியாயம் நொய்யலுக்கு உண்டென்றால், வங்கக் கடலுக்கும் உண்டு. அதை உரக்கக் கேட்கும் தகுதி, அந்தக் காசைக் கட்டிய நமக்கு உண்டு. கேளுங்கள்!