மருத்துவக் குறிப்பில் ஓர் எழுத்து
(மகாவீரர் ஜயந்தி விழாவில் லோயர் கேம்ப்பில் ஆற்றிய உரை)

 

உத்தமபாளையத்துக் குன்றில் செதுக்கப்பெற்ற தீர்த்தங்கரர் திருவுருவங்களைத் தரிசித்துவிட்டு இம்மலையடிவாரத்தில் கூடியிருக்கிறோம். பகவானின் பிறப்பைக் கொண்டாடும் இந்நாளில், நம் இல்லங்களில் நிகழும் பிறப்பைக் குறித்துச் சில கூற விழைகிறேன்.

நான் அறிந்த ஓர் இல்லத்தில், கருவுற்ற மருமகளின் மருத்துவக் குறிப்பில் ‘ஜி3 பி1 எல்1 ஏ1’ என்று எழுதியிருந்தது. ‘ஏ’ என்றால் அபார்ஷன் என்று யாரோ பொருள் கூறினர். “கொல்லாமை போற்றும் வீட்டில் கருக்கலைப்பா?” என்று மாமியார் பல நாள் அவளோடு பேசவில்லை. உண்மை வேறு. தாய்வீட்டில் இருந்தபோது இரண்டாம் மாதத்தில் தானாகவே சிதைந்த கரு அது. அத்துயரை அவள் எவரிடமும் சொல்லாமல் சுமந்திருந்தாள்.

அக்குறிப்பின் பொருள் எளியது. இது மூன்றாம் கருப்பம். முன்பு நிகழ்ந்த பேறு ஒன்று. உயிரோடுள்ள குழந்தை ஒன்று. நிலைக்காத கரு ஒன்று. கருச்சிதைவு தானாக நேர்வது, கருக்கலைப்பு செய்யப்படுவது. தமிழ் இரண்டையும் பிரித்துச் சொல்கிறது. மருத்துவக் குறிப்பிலோ அபார்ஷன் என்னும் ஒரு சொல்லே இரண்டையும் குறிக்கும். கருச்சிதைவுகளில் பெரும்பாலானவை முதல் 12 வாரங்களுக்குள் நேர்கின்றன. அவற்றில் ஏறத்தாழப் பாதிக்குக் கருவின் குரோமோசோம் குறைபாடே காரணம். தாய் செய்த வேலையோ உண்ட உணவோ அன்று.

பழிக்கு அஞ்சி இதனை மறைப்பதில் இடரும் உண்டு. ‘ஆர்.எச். நெகட்டிவ்’ என்பது நோயன்று; ஓர் இரத்த வகை. தாய் நெகட்டிவாகவும் கரு பாசிட்டிவாகவும் இருந்தால், தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள் அடுத்த குழந்தையின் இரத்த அணுக்களை அழிக்கக்கூடும். இதைத் தடுக்கும் ‘ஆன்டி-டி’ ஊசியைப் பொதுவாக 28ஆம் வாரத்திலும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்திற்குள்ளும் போடுவர். கருச்சிதைவுக்குப் பின்னும் அது தேவைப்படலாம். ஆதலால் மருத்துவரிடம் எதையும் மறைத்தல் கூடாது.

சேய் பிறந்தபின் அறிய வேண்டிய சொற்கள் இரண்டு. முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் கெட்ட பாலன்று. நோய் தடுக்கும் அமுது. ஒரு மணி நேரத்திற்குள் அதனைப் புகட்டுக. சேனை வைப்பதாகச் சர்க்கரைத் தண்ணீர் வேண்டா. தேனை நாம் விலக்கியவர்கள். ஓராண்டு நிறையும்வரை குழந்தைக்குத் தேன் ஆகாது என்று மருத்துவமும் கூறுகிறது. மற்றொரு சொல் மஞ்சள் காமாலை. இரண்டாம் மூன்றாம் நாளில் தோன்றுவது பெரும்பாலும் தானே நீங்கும். ஆயினும் மருத்துவரிடம் காட்டுக. முதல் 24 மணி நேரத்திற்குள் தோன்றினால் உடனே காட்ட வேண்டும்.

அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மகப்பேற்று நூல் உள்ளிட்ட மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் தந்தார். அயலார் ஒருவர் நமக்காகத் தமிழ் கற்றார். நம் வீட்டுப் பெண்ணின் அட்டையிலுள்ள நான்கு எழுத்துகளை நாம் கற்கலாகாதா?

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்பன நம் மும்மணிகள். அந்த மாமியாரிடம் ஒழுக்கம் இருந்தது; அறிவதற்குமுன் தீர்ப்பு வந்துவிட்டது. சொல்லாலும் மௌனத்தாலும் நோவு செய்யாமையும் அகிம்சையே. புரியாத சொல்லைக் கண்டால் முதலில் செவிலியரைக் கேளுங்கள்.

அறம் வளர்க! ஜெய் ஜினேந்திரா!