மாட்டுக்கொம்பும் மாங்கனியும்

இன்றைக்கு நாகூரில் பஸ் ஏறி வடக்கே போவோம். டிக்கெட் வாங்கிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் வாஞ்சூர் வந்துவிடும். சாலையோரம் மதுக்கடைப் பலகைகள் வரிசை கட்டினால் தமிழ்நாடு முடிந்து புதுச்சேரி தொடங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். தனியாக எல்லைக்கல் தேட வேண்டியதில்லை. திருமலைராயன்பட்டினம் தாண்டி அரசலாற்றுப் பாலத்தில் ஏறினால், உப்புக்காற்று ஜன்னல் வழியே முகத்தில் அடிக்கும். காரைக்கால்.

1739-இல் தஞ்சை அரசரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன ஊர் இது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படியும் இந்தியாவோடு இணைந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் அப்போது எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் நண்பனுடைய அப்பா எழுதிக் கொடுத்தார். அவர் ஒரு 'சொல்தா'. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மகன் இப்போது பாரிஸ் பக்கத்தில் குடியிருக்கிறான். ஆனி மாசம் பிறந்தால் அவனுக்கு அங்கே இருப்புக் கொள்ளாது.

போன தடவை வந்தவன், "வீட்டுச் சாப்பாடு நாளைக்கு இருக்கட்டும், இன்னிக்கு வெளியில போவோம்டா" என்றான். ஊருக்கு வெளியே, கிராமத்து வீடு மாதிரி ஜோடித்த ஒரு கடைக்குக் கூட்டிப் போனேன். வாசலில் வண்டிச்சக்கரம். உள்ளே ஓலைக்கூரை, கூரைக்கடியில் ஏசி. அரிக்கேன் விளக்குக்குள் எல்.இ.டி. பல்பு. பரிமாற வந்த பையன் முண்டாசு கட்டியிருந்தான். அது அடிக்கடி கண்ணை மறைத்தது, பாவம். சுட்ட கறி, கொதிக்கும் இரும்புத் தட்டில் 'சொய்ங்' என்று புகைந்துகொண்டு வந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் செல்போனை எடுத்துக்கொண்டார்கள். புகை அடங்கிய பிறகு பார்த்தால் கறி நாலே துண்டு.

நண்பன் சிரித்தான். "பிரான்சுல பஃபலோ கிரில்னு ஒரு கடை இருக்கு. 1980-ல பாரிசுக்குத் தெற்கே நெடுஞ்சாலை ஓரமா ஆரம்பிச்சது. இப்ப நாடு பூரா கிளை. சிவப்புக் கூரை, கூரை மேல ரெண்டு பெரிய வெள்ளைக் கொம்பு. தூரத்துல வரும்போதே தெரியும். உள்ள போனா அமெரிக்க கௌபாய் சினிமா. மாட்டிறைச்சி ஸ்டேக்தான் விசேஷம். ரத்தம் கசியற பக்குவமா, நடுத்தரமா, நல்லா வெந்ததான்னு கேட்டுத்தான் சுடுவாங்க. எங்கப்பா எந்தக் கடைக்குப் போனாலும் 'நல்லா வேகட்டும், அதுக்கு மேலயும் கொஞ்சம் வேகட்டும்'பாரு. பட்டாளம் அவரோட நாக்கை மட்டும் மாத்தவே முடியல!"

கொஞ்ச நேரம் அந்த வண்டிச்சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அங்க வெள்ளைக்காரன் அமெரிக்க மாட்டுக்காரன் வேஷம் போடறான். இங்க நாம நம்ம தாத்தா வேஷத்தையே போடறோம்."

மறுநாள் மாங்கனித் திருவிழா. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வருவது. கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வணிகன் பரமதத்தன் இரண்டு மாம்பழங்களை வீட்டுக்கு அனுப்புகிறான். பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார். கறி இன்னும் ஆகவில்லை. சோற்றோடு ஒரு பழத்தை வைத்துவிடுகிறாள் புனிதவதி. கணவன் வந்து ஒன்றைத் தின்றுவிட்டு, இன்னொன்றையும் கேட்கிறான். அவள் வேண்ட, கையில் ஒரு பழம் வந்து சேர்கிறது. அறுபத்து மூவரில் ஒருவரான காரைக்கால் அம்மையார் அவர்தான்.

பாரதியார் சாலையில் அம்மையார் கோயில். அன்றைக்கு அந்த வட்டாரத் தெருக்களில் மண்ணைப் பார்க்க முடியாது, தலைகள்தான். சிவன் பிச்சாண்டவராக, பிச்சை கேட்கும் கோலத்தில் வீதியுலா வருவார். சப்பரம் கடந்ததும் மொட்டை மாடிகளிலிருந்து மாம்பழங்கள் பறக்கும். நேர்ந்துகொண்டவர்கள் வீச, கீழே இருப்பவர்கள் புடவைத் தலைப்பை விரித்தும் துண்டை ஏந்தியும் பிடிப்பார்கள். தலையில் விழுந்தால் வலிக்கத்தான் செய்யும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அப்புறம் பிச்சாண்டவரை அம்மையார் எதிர்கொண்டு அழைத்து அமுது படைப்பார்.

கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே எனக்கு முந்தின நாள் முண்டாசுப் பையன் ஞாபகம் வந்தான். அங்கே பரிமாறுகிறவனுக்கு வேஷம். இங்கே சாப்பிட வருகிறவருக்கு வேஷம். பரிமாறுகிறவள் அன்றாடம் இருக்கிறபடியே இருக்கிறாள். வந்தவர் யார் என்றுகூட அவள் கேட்கவில்லை, பசி என்றதும் இலை போட்டாள்.

அன்று எனக்கு ஒரு பழம் கிடைத்தது. நண்பனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவன் அக்கா பிசைந்து போட்ட தயிர்சோற்றோடு ஆளுக்குப் பாதியாகத் தின்றோம். கொட்டை யாருக்கு என்பதில் மட்டும் கொஞ்சம் தகராறு.

ஆனியில் வாருங்கள், நேயர்களே. கையில் ஒரு துண்டு இருக்கட்டும். நடக்கும்போது கண் மாடிமேல் இருக்கட்டும்.