கணினி ‘இல்லை’ என்று சொன்னால்

இரவு பத்து மணி தாண்டியும் வீட்டில் விளக்கு எரிகிறது. எட்டிப் பார்த்தால், கணினி படிக்கும் பிள்ளை தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறது. ‘ஜாங்கோ என்ற பெயரில் மாடியூல் இல்லை’ என்று திரையில் ஒரு வரி. ‘நேற்றுத்தானே ஏற்றினேன்!’ என்று அழாத குறை. இந்த வரியைக் கண்டு, ‘நமக்கு இந்தப் படிப்பு ஒத்துவராது’ என்று நினைத்த பிள்ளைகள் உண்டு. ஆகவே இன்று அதைப் பற்றிப் பேசுவோம்.

ஜாங்கோ என்பது இணையத்தளம் கட்ட உதவும் சட்டகம். 2005-இல் வெளிவந்தது, பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. தளம் கட்டும்போது எல்லாவற்றையும் நாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிவைத்த பகுதிகளைப் பெயர் சொல்லி அழைத்துக்கொள்கிறோம். அந்தப் பகுதிதான் மாடியூல், அழைப்பதுதான் இம்போர்ட்.

தோட்டத்தில் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் டிவிஷன் ஆளை இரண்டாம் டிவிஷன் பெரட்டில் கூப்பிட்டால் பதில் வராது. ஆளே இல்லை என்றா பொருள்? கூப்பிட்ட இடத்தில் இல்லை, அவ்வளவுதான். கணினியும் அப்படித்தான். தேட வேண்டிய இடங்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அங்கே மட்டும் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்கிறது.

ஒரே கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருக்கலாம். போதாததற்கு, ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை போல ஒரு சூழலும் அமைத்துக்கொள்கிறார்கள். ஜாங்கோவை அறைக்குள் ஏற்றிவிட்டு, வெளியே நின்று வேலையை ஓட்டினால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். முதலில் அந்தச் சூழலை இயக்க வேண்டும். ஏற்றும்போதும் வெறுமனே ‘பிப் இன்ஸ்டால்’ என்று அடிக்காமல், ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால்’ என்று அடிப்பது நல்லது. எந்தப் பைத்தானை ஓட்டுகிறோமோ, அதற்கே பொருள் போய்ச் சேரும்.

பெயர்க் குழப்பமும் உண்டு. அடையாளக் கார்டில் மாரிமுத்து, லயத்தில் சின்னத்தம்பி! படங்களைக் கையாளும் ‘பில்லோ’வை அந்தப் பெயரில்தான் ஏற்றுகிறோம், அழைக்கும்போது ‘பிஐஎல்’ என்று அழைக்க வேண்டும்.

நாமும் ஒருமுறை ஏமாந்தோம். பயிற்சிக்கு எழுதிய கோப்புக்கு ‘ஜாங்கோ’ என்றே பெயர் வைத்துவிட்டோம். கணினி நம் கோப்பு இருக்கும் இடத்தைத்தான் முதலில் பார்க்கும். அதையே அசல் ஜாங்கோ என்று எடுத்துக்கொண்டு, ‘இது பேக்கேஜ் அல்ல’ என்றது. அரை நாள் போயிற்று. கோப்பின் பெயரை மாற்றியதும் ஓடியது.

‘இந்தப் பெயரை இம்போர்ட் செய்ய முடியவில்லை’ என்று வந்தால் கோளாறு வேறு. மாடியூல் கிடைத்துவிட்டது, அதற்குள் அந்தப் பெயர்தான் இல்லை. பழைய பாடத்தைப் பார்த்து எழுதினால் இப்படி நேரும். 2021 டிசம்பரில் வந்த ஜாங்கோ 4.0-இல் ‘யுகெட்டெக்ஸ்ட்’ நீக்கப்பட்டது. ‘கெட்டெக்ஸ்ட்’ என்று எழுத வேண்டும்.

பெற்றோர்களே, ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றப் போகிறேன்’ என்று பிள்ளை எழுந்தால், கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். திரையின் கடைசி வரியைத் தமிழில் உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். எந்தப் பெயரைத் தேடியது, எந்தப் பைத்தான் தேடியது என்று கேளுங்கள். பதில் சொல்லும்போதே பிள்ளைக்குப் பாதி பிடிபட்டுவிடும்.