பூத்தையலும் தைத்தவர் பெயரும்

(நூற்றாண்டு விழாக் கைப்பணிக் கண்காட்சியின் தொடக்க உரை)



இங்கே விரித்திருக்கும் தலையணை உறைகளையும் மேசை விரிப்புகளையும் பார்த்ததும் நம்மில் பலருக்குத் தையல் வகுப்பு நினைவுக்கு வந்திருக்கும். காபன் தாளில் பூவைப் பிரதி செய்து, வளையத்தில் துணியை இறுக்கி, ஆறு இழை நூலில் இரண்டை மட்டும் பிரித்துக் கோத்த நாட்கள் அவை. ஆசிரியை முதலில் பார்ப்பது துணியின் பின்பக்கத்தைத்தான். அங்கே முடிச்சோ தொங்கும் நூலோ கண்டால், பிரித்து மறுபடி தைக்க வேண்டும்.

காம்புக்குக் காம்புத் தையல், இதழுக்குச் சாட்டின் தையல், பூவின் நடுவுக்குப் பிரெஞ்சு முடிச்சு என்று எல்லோரும் ஒரே பாடத்தைத்தான் படித்தோம். ஆனாலும் ஒருத்தி தைத்த செவ்வரத்தை நிமிர்ந்து நின்றது. இன்னொருத்தி தைத்தது சற்றே தலை சாய்ந்தது. இயந்திரம் நூறு பூவையும் ஒன்றுபோலத் தைக்கும். கையால் தைத்த பூவில் தைத்தவளின் பொறுமையும் அவசரமும் தெரியும். அதனாலேயே அதனைக் கலை என்கிறோம்.

இதனைக் கலையென்று ஏற்க உலகம் தயங்கியதுண்டு. இங்கிலாந்தில் மே மொரிஸ் 1885இல், தமது 23ஆவது வயதில், தந்தை வில்லியம் மொரிஸின் நிறுவனத்தில் பூத்தையற் பகுதியைப் பொறுப்பேற்றார். அந்நாட்டின் கலைஞர் சங்கமொன்று பெண்களைச் சேர்க்க மறுத்தது. அதனால் 1907இல் அவரும் தோழியரும் பெண் கலைஞருக்கெனத் தனிச் சங்கம் அமைத்தனர்.

நமது வீடுகளில் தைத்தவர்களுக்குச் சங்கமும் இல்லை, பெயரும் இல்லை. 1995 இடப்பெயர்வின்போது நம்மில் ஒருத்தி, பிறப்புப் பத்திரங்களைத் தன் அம்மா தைத்த தலையணை உறையில் வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தாள். அந்த உறை இன்று இங்கே இருக்கிறது. நிறம் மங்கிவிட்டது, ஒரு தையலும் விடவில்லை. அதற்கான அட்டையில் ‘பழைய தலையணை உறை’ என்று மட்டுமே எழுதியிருந்தோம். தைத்தவரின் பெயரை எழுத நமக்கே தோன்றவில்லை. நேற்று மாலைதான் அதை மாற்றினோம்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வீட்டு அலுமாரியில் மடித்து வைத்திருப்பவற்றை வெளியே எடுங்கள். யார் தைத்தது என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அடுத்த கண்காட்சியில் பெயரில்லாத அட்டை ஒன்றேனும் இருக்கக்கூடாது.